சேற்றுக்கால்

9-1-1978

ரேஷன் கடையில் மூன்று மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவளோடு சர்க்கரை தீர்ந்துபோனது. இந்த வருஷப் பொங்கலும் வெல்லத்தில்தான்.

சாயங்காலம் இவர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பேப்பரோடு வந்தார். தீவுத்திடலில் கிராமியக் கண்காட்சியாம், மாவட்டத்துக்கு ஒரு பந்தலாம். தென்னார்க்காடு பந்தலில் மரக்காணம் உப்பளம் போட்டிருக்கிறார்கள். படத்தில் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் நிற்கிறான்.

"நம்ம மச்சான் மாதிரி இல்ல?"

மாதிரி என்ன, அவனேதான். தட்சணாமூர்த்தி.

"எனக்கு ஏது அண்ணன்?" என்றேன். அந்தப் பேப்பரைப் பழைய பேப்பரோடு போடவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன்.

10-1-1978

எழுதிவிட்டால் மனசு ஆறுமா, பார்க்கலாம்.

அப்பா செத்தது எழுபத்தொன்று புரட்டாசியில். அண்ணன் தந்தி அடிக்காமல் ஆள் அனுப்பினான். அந்த ஆள் வீடு தெரியாமல் பெரம்பூர் முழுக்கச் சுற்றிவிட்டு மறுநாள்தான் வந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊரே கூடியிருக்க, அண்ணன் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "அப்பா மூஞ்சியகூடப் பாக்க விடாம பண்ணிட்டியேடா பாவி!"

"இனிமே இந்த வாசப்படி ஏறாத" என்றான்.

ஏறவில்லை. ஆள் வழி தெரியாமல் சுற்றினால் அவன் என்ன செய்வான்? இது அன்றைக்கே தோன்றியிருக்கக் கூடாதா?

13-1-1978

போகி. போக மாட்டேன். அவன் வரட்டுமே, விலாசம் தெரியாதா?

15-1-1978

போனேன். பிள்ளைகள் ராட்டினம் கேட்டார்கள் என்று ஒரு சாக்கு.

ஒரே கூட்டம். பண்ருட்டி முந்திரி, கள்ளக்குறிச்சிக் கரும்பு, தூளி கட்டித் தொங்கவிட்ட பரங்கிக்காய். அதற்கு ஒருத்தர் மாலைகூடப் போட்டிருந்தார். கடைசியில் எங்கள் உப்பு. போன வருஷத்து உப்பைக் குவித்து, பக்கத்தில் உப்பளத்து மண்ணையே லாரியில் கொண்டுவந்து கொட்டி ஒரு பாத்தி கட்டியிருந்தார்கள். மைக்கில் ஒருத்தர் "நமது கிராமத்து உழைப்பாளி!" என்று முழங்க, அண்ணன் பாத்தித் தரை இறுகும்படி மிதித்துக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது.

பட்டுப்புடவைக்காரி ஒருத்தி கேட்டாள்: "ஏம்பா, இதுக்கு வெத என்ன போடுவீங்க?"

"வெயிலுதாம்மா போடணும்."

சிரிக்காமல் சொன்னான். அப்பாவும் அப்படித்தான்.

நான் தூணுக்குப் பின்னால் நின்று அவன் கால்தடத்தைப் பார்த்தேன். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கால் வைக்கிற இடம் மிதிபடாமல் அப்படியே கிடக்கிறது. தனியாக மிதிக்கிறவன் அடியோடு அடி சேர்த்தல்லவா வைக்க வேண்டும்?

தை பிறந்தால் நாங்கள் அப்படித்தான் மிதிப்போம். அண்ணன் முன்னால் இடம் விட்டு வைப்பான். நான் அவன் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் வைப்பேன். அப்பா வரப்பில் நின்று, "குதிகால் பள்ளம் உளுந்தா உப்பு கறுத்துப்பூடும், பாத்து மிதிங்க" என்பார். காலெல்லாம் வெடித்து எரியும். அதற்கும் சிரிப்போம். என்ன சந்தோஷமான எரிச்சல் அது!

பேசாமல் திரும்பிவிட்டேன். கோழை.

16-1-1978

பாத்திரம் தேய்த்தாலும் அந்தத் தடம்தான் கண்ணில் நிற்கிறது. யாருக்காக இடம் விட்டான்? பழக்கதோஷமா?

17-1-1978

கண்காட்சிக்குக் கடைசி நாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

செருப்பைக் கழற்றினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். மைக்குக்காரர், "அம்மா, அம்மா, உள்ள போகக் கூடாது!" என்று கத்தினார். அண்ணன் திரும்பிப் பார்த்தான். இடம் விட்டு ஒரு அடி வைத்தான். நான் நடுவில் வைத்தேன். இன்னொன்று வைத்தான். வைத்தேன். பாத்தி முழுக்க மிதித்து முடித்தோம். கூட்டம் கை தட்டியது. எனக்குக் கண்ணே தெரியவில்லை, அவ்வளவு அழுகை.

கரையேறிய பிறகு அவனே வாய் திறந்தான்.

"அளத்துல மிதி ஆரம்பிக்கணும். ஆளு பத்தல."

"நான்தான் வரக் கூடாதே?"

"வாசப்படி ஏறாதன்னுதான் சொன்னேன். அளத்துல எறங்காதன்னா சொன்னேன்?"

அவன் வீம்பு அவனுக்கு. எனக்கு மட்டும் குறைச்சலா என்ன? லீவு கிடைத்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு எந்த ஆபீஸில் லீவு!

12-2-1978, மரக்காணம்

முதல் பஸ்ஸில் வந்து நேரே அளத்துக்குப் போய்விட்டேன். மத்தியானம் வரை மிதித்தோம். கால் வெடித்து எரிகிறது.

சாப்பிடக் கூப்பிட்டான். வீடு வரைக்கும் அவன் பின்னாலேயே நடந்து வந்து, வாசலில் நின்றுவிட்டேன். அடுப்படியிலிருந்து தனகோடி அண்ணி, "ஏன் அங்கியே நிக்கிற, உள்ள வாயேன்" என்றாள். நான் அசையவில்லை. அவன் சொல்லட்டும்.

அண்ணன் உள்ளே போய்க் குடத்தோடு வந்தான்.

"சேத்துக் காலோட ஏறாத. கழுவிட்டு ஏறு."

நீட்டினேன். இரண்டு காலுக்கும் அவனே ஊற்றினான்.