படகைச் சுரண்டியவர்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

பேனாவை நெஞ்சில் வைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் வரும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. உன் அம்மா கண்ணால் பார்த்தே நம்பவில்லை. போனில் சொல்லியிருக்கலாம்; ஆனால் நான் வாயைத் திறந்ததுமே நீ குறுக்கே பாய்ந்து, "மாமா, பாதியாக் குறைச்சுச் சொல்லுங்க" என்பாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். உன் அப்பாவின் அலுமினியப் படகுக்கு நான் உயிர் கொடுக்கப்போகிறேன்.

கொல்லையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்ததே, அதேதான். பாயை விலக்கியதும் ஒரு பூனைக் குடும்பம் என்னை முறைத்துக்கொண்டே சாமான் செட்டோடு காலி செய்தது. அள்ளிப் போட்ட சருகை வைத்து ஒரு காட்டையே திரும்பக் கட்டியிருக்கலாம். மோட்டாரின் கயிற்றை இழுத்தேன். அது இருமிய இருமலில் எதிர்வீட்டுக்காரர் நாற்காலியோடு நகர்ந்தார். ஆனால் இருமினது பார், அதுதான் முக்கியம். இருமுகிறது என்றால் உயிர் இருக்கிறது.

அத்தானுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து பேச்சும் போனதிலிருந்து, நாளெல்லாம் கொல்லைக் கதவருகே உட்கார்ந்து கால்வாயையே பார்க்கிறார். இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அந்த உப்புக் கால்வாயில், கடல் தெரியும் வளைவு வரைக்கும், அவரை வைத்து ஒரே ஒரு சுற்று. அவ்வளவுதான் என் படையெடுப்பு. சக்கரவர்த்திகள் இதைவிட அற்பக் காரணத்துக்கெல்லாம் யானை பூட்டியிருக்கிறார்கள்.

கஜானா காலி என்பதால் எல்லாம் ஓசிதான். உட்காரும் பலகை நம் வீட்டு உடைந்த கட்டில். தகட்டை இணைக்கும் ரிவெட், தகரக் கொட்டகை போடுகிறவர் தானமாகக் கொடுத்தது. அடிப்பாகத்துச் சாயத்தில்தான் என் மூளை ஜொலித்தது. மரப்படகு கட்டுகிறவர் ஒருவர் மிச்சம் வைத்திருந்த டின்னைச் சும்மாவே கொடுத்துவிட்டார். செம்புத்தூள் கலந்த சிவப்பு. பாசி பிடிக்காது, சிப்பி ஒட்டாது. முதலில் வேறொரு பூச்சு அடிக்க வேண்டுமாம். கடையில் அதன் விலையைக் கேட்டேன், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆயுள் முழுக்கக் கடைக்குக் கடை போர்டு எழுதியவனுக்குச் சாயத்தைப் பற்றி யார் பாடம் எடுப்பது?

இப்படிக்கு,
ஏழு கடல்களின் வருங்கால அதிபதி,
உன் தாய்மாமன்

மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். பூனைகள் சாமான் செட்டோடு போன இடத்தில் சிரித்து, என்னோடு வேலை செய்கிறவள் என் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

கடல் தாண்டி வந்த இந்த முதியோர் விடுதியில் எனக்கு இப்போது இரண்டாம் மாடியில் வேலை. அப்பாவைப் போலவே ஒரு பக்கம் விழுந்த ஒருவருக்குத் தினமும் சூப் ஊட்டுகிறேன். அவருடைய மகள் இதே ஊரில்தான் இருக்கிறாள், எப்போதாவது வருவாள். நான் என் அப்பாவை விட்டுவிட்டு இவள் அப்பாவுக்கு ஊட்டுகிறேன். ஒப்பந்தம் முடியும்வரை லீவு கிடையாது என்று மேலாளர் மறுபடியும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

மாமா, ஒன்று கேட்கிறேன், பெரிதாக்காமல் பதில் எழுதுங்கள். நான் போனில் பேசினால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். அம்மா மறைக்கப் பார்த்தாள், என்னிடம் முடியவில்லை. அவர் என்னை மறந்துவிட்டாரா?

உங்கள்,
வாயாடி

ஏப்ரல் 7

அன்புள்ள வாயாடிக்கு,

போர் மூண்டுவிட்டது!

படகைக் கவிழ்த்துப்போட்டு இரண்டு பூச்சு அடித்தேன். சூரியன் அஸ்தமிக்கவே கூச்சப்பட்டது, அப்படி ஒரு சிவப்பு. மறுநாள் காலையில் பார்க்கிறேன், உன் அப்பா நாற்காலியைக் காலால் உந்தி உந்திப் படகருகே போய், இடது கையில் கஞ்சி ஸ்பூனை வைத்துக்கொண்டு சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். ஒரு முழத்துக்கு வெள்ளைத் தகடு பல்லைக் காட்டுகிறது. "அத்தான், என்ன இது, சின்னப் பிள்ளையாட்டம்!" என்றேன். சட்டை செய்யவில்லை. நான் திரும்ப அடித்தேன். அவர் திரும்பச் சுரண்டினார். ஸ்பூனைப் பிடுங்கி வைத்தால் சாவி. சாவியை ஒளித்தால் நகம்.

உன் அம்மா ஜன்னலில் நின்று தலையிலடித்துக்கொள்கிறாள். "ஒருத்தர் பூசுறாரு, ஒருத்தர் சுரண்டுறாரு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு தொட்டில் கட்டிடவா?"

"அக்கா, வரலாறு இந்த மாதிரி நேரத்துல பொம்பளைங்க பேச்சைக் கேட்டதே இல்ல."

"அதான் வரலாறு இந்த லட்சணத்துல இருக்கு."

கடைசியில் நான் பெரிய தளபதிகள் செய்வதைச் செய்தேன். படகையே எதிரியின் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேரைப் பிடித்துக் கால்வாயில் இறக்கி, படித்துறைக்கு அந்தப் பக்கம் கட்டியாகிவிட்டது. இறக்கும்போது அத்தான் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டார், அவருக்கு விழுந்ததிலிருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. கப்பலை வழியனுப்பும் முழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். படகு மிதந்தது, வாயாடி! அன்னப்பறவை வெட்கப்பட்டுக் கரையேறும். இனி மோட்டார்தான் பாக்கி. இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்ச வாரம் பிடிக்கும்.

முன்பக்கத்தில் பெயர் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில், நிழல் விழுந்த மஞ்சள் எனாமலில்: வாயாடி.

நீ கேட்டதற்குப் பதில்: மறதியாவது! உன் அப்பாவின் ஞாபகசக்தியைப் பார்த்து யானைகள் பாடம் படிக்க வருகின்றன. வாசலில் வரிசை நிற்கிறது.

இப்படிக்கு,
வென்ற தளபதி

ஏப்ரல் 25

மாமா,

நீங்கள் யானையை விட்டதிலேயே தெரிந்துவிட்டது, உங்களுக்கும் பதில் தெரியாது என்று.

அதை விடுங்கள். டின்னில் செம்பு என்றுதானே முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்? அப்போது எனக்குத் தோன்றவில்லை. படகை உடனே தண்ணீரிலிருந்து எடுங்கள்.

நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு நாள் விளையாட்டாகச் செம்புக் கம்பியைச் சுருட்டிப் படகுக்குள் போட்டுவிட்டேன். அடியில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் நின்றிருந்தது. சில நாள் கழித்து அப்பா அதைப் பார்த்ததும் முகம் சிவந்துபோனார். செம்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்று, கம்பி கிடந்த இடத்தில் தகடு வெள்ளையாகப் பூத்திருந்ததை என் விரலை வைத்துத் தடவிக் காட்டினார். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அதனால்தான் மறக்கவில்லை.

அப்பா சின்னப்பிள்ளைத்தனமாகச் சுரண்டவில்லை, மாமா. சொன்னார். ஸ்பூனால் சொன்னார், சாவியால் சொன்னார், நகத்தால் சொன்னார். நீங்கள் ஒவ்வொரு தடவையும் அதன் மேல் பூசினீர்கள்.

போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. படகை எடுக்கவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இதையும் எழுதுகிறேன்.

வாயாடி

மே 14

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அம்மா சொன்ன அன்றே படகை எடுத்துவிட்டேன். முன்பே எடுத்திருக்க வேண்டும். மறுபடியும் அப்பாவைப் பற்றிக் கேட்பாய் என்று பயந்து, போனை நான் வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. கையில் சாயம் என்று உன் அம்மாவிடம் சொன்னது பொய்.

அடிப்பாகம் முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி பூத்திருக்கிறது. விரலை வைத்து அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. இதை நான் பெரிதாக்கவில்லை. வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஐயா, ஓட்டையை அடைக்கலாம். அடைக்கிறதுக்கு ஓட்டையைச் சுத்தி நல்ல தகடு வேணுமே?" என்றார். அடியை மொத்தமாக மாற்றச் சொல்கிறார். அது நம்மால் ஆகாது. வேறு படகும் நம்மால் ஆகாது. நான் அந்த இடத்தில் நின்று, பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், எதற்கென்று தெரியாமல்.

ஒன்று மட்டும் கவனித்தேன். படகு கரைக்கு வந்ததும் அத்தான் மறுபடியும் சுரண்டினார். சிவப்பை எல்லாம் சுரண்டினார். உன் பெயரைத் தொடவில்லை. இதை நீ நம்பவேண்டும் என்று ஆசை, ஆனால் என் பேச்சுக்கு உன்னிடம் என்ன மதிப்பு இருக்கிறது என்று எனக்கே தெரியும்.

மாமா

ஜூன் 1

அன்புள்ள மாமாவுக்கு,

நம்புகிறேன். ஆனால் பெயரை எழுதியது எனாமலில். எனாமல் தகட்டை ஒன்றும் செய்யாது, அதனால்தான் விட்டிருப்பார். என் மேல் உள்ள பாசத்துக்கு அது சாட்சி இல்லை.

ஆனால் இதைப் பாருங்கள். எந்தச் சாயம் தின்னும், எது தின்னாது என்று பிரித்துப் பார்த்துச் சுரண்டுகிற ஒருவர் மகளை மறந்திருக்க முடியுமா? அவருக்கு எல்லாமே தெரிகிறது, மாமா. நான் போனில் "அப்பா, ஏதாவது சொல்லுங்கப்பா, ஒரு வார்த்தை" என்று ஒவ்வொரு தடவையும் கெஞ்சினேன். முடியாத ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால் யார்தான் முகத்தைத் திருப்பமாட்டார்கள்? நான் ஊட்டுகிறவரும் இப்படித்தான் திருப்புவார். இதே வேலையைச் செய்கிறவள் நான், எனக்கு உறைக்கவில்லை. நீங்கள் பூசினீர்கள், நான் கேட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நிம்மதியாக இருக்கிறது. அதைவிட அதிகமாகப் பயமாகவும் இருக்கிறது. இத்தனை நாளும் உள்ளே முழுசாக உட்கார்ந்துகொண்டு நம்மையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாரே. நான் அங்கே இல்லை. வரவும் முடியாது.

அவர் சொன்னது நமக்குப் புரிந்துவிட்டது என்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா. சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வாயாடி

ஜூன் 18

அன்புள்ள வாயாடிக்கு,

நேற்று நாங்கள் பயணம் புறப்பட்டோம்.

மழை ஓய்ந்த நேரம். அத்தானைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தேன். மோட்டார் ஒரே இழுப்பில் சிங்கமாகக் கர்ஜித்தது. ஊரில் இருந்த மற்ற மோட்டார்களெல்லாம் மரியாதைக்கு எழுந்து நின்றன. கால்வாயைத் தாண்டினோம், வளைவைத் தாண்டினோம், கடலுக்குள் நுழைந்தோம். மீன்கள் இருபுறமும் அணிவகுத்தன. ஒரு திமிங்கிலம் வழிகேட்டது. ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஏறியது, ஆனால் அதே ஓட்டைகள் வழியாகவே இறங்கியும்விட்டது, அவ்வளவு நேர்த்தியான வேலைப்பாடு. உன் விடுதியின் இரண்டாம் மாடி ஜன்னல் வரைக்கும் வந்தோம். நீ யாருக்கோ சூப் ஊட்டிக்கொண்டிருந்தாய். தொந்தரவு செய்யவேண்டாம் என்று கேப்டன் கை காட்டினார், திரும்பிவிட்டோம். வழியில் நான் ஏதோ உளறப்போய், கேப்டன் குவளை நிறையத் தண்ணீர் மொண்டு என் தலையில் ஊற்றிவிட்டார்.

சரி. மோட்டார் பொய். கடல் பொய். திமிங்கிலம் நல்ல பிராணி, ஆனால் அதுவும் பொய். படகு கொல்லையிலேயே கிடக்கிறது, அடுத்த வாரம் பழைய உலோகம் எடுப்பவர் வருகிறார். அத்தான் இனி எந்தப் படகிலும் போகப்போவதில்லை, நான் என்ன செய்தாலும்.

அந்தக் குவளைத் தண்ணீர் மட்டும் உண்மை.

மழைத்தண்ணீர் நிறைந்திருந்த வாளி பக்கத்தில் இருந்தது. அத்தானைப் படகிலிருந்த கட்டில் பலகையில் உட்கார வைத்துவிட்டு நான் கீழே குந்தினேன். "அத்தான், செம்புன்னு நீங்க சொன்னது எனக்கு விளங்கல. உங்க வாயாடி அங்கிருந்தே கண்டுபிடிச்சிட்டா. சின்ன வயசுல நீங்க விரலைப் பிடிச்சுக் காட்டினீங்களாமே" என்றேன். அவர் இடது கையால் குவளையை எடுத்து, வாளியில் முக்கி, என் உச்சந்தலையில் வைத்துக் கவிழ்த்தார். அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டு வரைக்கும்.

நனைந்தபடி,
உன் மாமா