மலைப் பக்கத்து ஜன்னல்

17.1.83, திங்கள்
பனி ஜாஸ்தி. வடகம் காயவில்லை. வேலூர் மாப்பிள்ளை வீட்டாரும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? அண்ணன் வீட்டுப் பின்னறையில் வருஷக்கணக்காகத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் என் தம்பி சேகரைப் பற்றி எவனோ காதில் போட்டிருப்பான். என் மகள் வசந்தாவிடம் ஜாதகம் சேரவில்லை என்றேன்.

மாலை அண்ணன் வந்தார். "வெளிய எதுக்கும்மா அலையறே? நம்ம முருகன் இருக்கான். வீட்டு விஷயம் வீட்டோட போவும்."

முருகன் அவர் மகன். வசந்தாவுக்கு முறை மாப்பிள்ளை. கவர்மெண்ட் வேலை. என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். அப்பாடா என்றிருந்தது.

19.1.83, புதன்
பள்ளியில் இன்ஸ்பெக்டர் வருகை. என் வகுப்புக் கரும்பலகைக்குப் புதுக் கறுப்பு. மூக்கெல்லாம் நாற்றம்.

20.1.83, வியாழன்
லீவு. சேகரின் மாத்திரைக்காக வேலூர். எப்போதும் நான்தான். டாக்டரிடம் கல்யாண விஷயம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சொந்தத்துலயாம்மா?"

"எங்க வழக்கம் டாக்டர். எங்கப்பாவும் அக்கா பொண்ணத்தான் கட்டினாரு."

"சேகரோட வியாதி வரும்னு நான் சொல்லல. ரெட்டைப் பிள்ளைங்கள்லயே ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராம போவுது. ஆனா ரத்தத்துல கொஞ்சம் இறங்குது. ரெண்டு பக்கமும் ஒரே குடும்பம்னா, பொறக்கற குழந்தைங்களுக்கு பயம் ஜாஸ்தி. அந்த மாப்பிள்ளைப் பையன் எப்படி இருக்கான்?"

நன்றாக இருக்கிறான் என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட். தூக்கம் இல்லை. வெளியே தெரியக்கூடாது என்று பயந்தே, இதை வீட்டுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

23.1.83, ஞாயிறு
செங்கம் ரோடு, அண்ணன் வீடு. நிச்சயத்துக்கு நாள் குறிக்க. கேசரியில் முந்திரி தாராளம்.

முருகன் அறைக்குப் போனேன். இருட்டு. மலை தெரிய வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிய அறை. ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டியிருக்கிறான்.

"ஏன்டா?"

"அங்கருந்து பாத்துக்கினே இருக்காங்க அத்தை."

"ஏன் எல்லாரும் என்னயே பாக்கறீங்க?" என்று கேட்டுத்தான் சேகருக்கும் ஆரம்பித்தது. இதே வயசு. யாரும் பார்க்கவில்லையே என்றோம் அப்போது.

"பனிக்கு ஒட்டியிருக்கான்," என்றாள் அண்ணி. என் முகத்தைப் பார்க்காமல். அவளுக்குத் தெரியும்.

கூடத்துக்கு வந்து, கல்யாணம் வேண்டாம், முதலில் முருகனை டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அண்ணன் எழுந்துவிட்டார். "என் பையனுக்கு பைத்தியம்னு சொல்றியா? உன் பொண்ண எவன் கட்றான்னு பாக்கறேன்."

வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர் பத்தடி முன்னாலேயே நடந்தார். ஆனாலும் வசந்தா தப்பித்தாள்.

24.1.83, திங்கள்
தப்பித்தாளா? அவளும் இந்த வீட்டு ரத்தம்தானே. நேற்று ஏன் தோன்றவில்லை? வரும் மாசியில் அவளுக்கு இருபத்தொன்று. சேகருக்கு ஆரம்பித்த வயசு நெருங்குகிறது.

பால் திரிந்துவிட்டது. ஸ்கூலில் மனசு ஒட்டவில்லை. சாயந்திரம் வசந்தா வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு தனியே சிரித்தாள்.

"என்னடி?"

"ஜோக்கும்மா."

வாங்கிப் படித்தேன். ஜோக் இருந்தது.

ராத்திரி சாப்பாடு. ரசம், அப்பளம். பாதியில் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏம்மா என்னயே பாத்துக்கினு இருக்கே?"

யாரும் பார்க்கவில்லையே என்றேன்.