விறகுப் பெட்டியில் இருக்கும் சாவி

ரைமோ,

கன்னத்துத் தையலைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மீன் சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

சோதனைக்குக் கிள்ளி எடுத்த தோலின் முடிவு வந்துவிட்டது. ஏதோ அபூர்வமான அழற்சியாம், குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். "மூஞ்சி இப்படித் தடிச்சா திருட்டுக் குடிதான்டா"ன்னு சவுனா நீராவி அறை வெக்கையில் உட்கார்ந்து உன் அண்ணன் உர்ஹோ கண்டுபிடித்தாரே, அந்தப் பெரிய டாக்டர் சாயங்காலம் வரும்போது சொல்லிவிடு. அவர் கொடுத்த தார் சோப்பால்தான் கன்னம் இன்னும் வெந்துபோனதாம். இனி எனக்குக் களிம்பு மட்டும்தான், சவுனா கிடையாது.

அவர் பேச்சைக் கேட்டு மது அலமாரியைப் பூட்டினாயே, அந்தச் சாவி விறகுப் பெட்டியில் இருப்பது எனக்குப் போன மாதமே தெரியும். தொடவில்லை.

ஹில்கா

பி.கு.: அலமாரிக் கண்ணாடி வழியே பார்த்தேன், பாட்டில் பாதியாகிவிட்டது. உர்ஹோ வந்ததும் உன் மூஞ்சியையும் ஒருதரம் பார்க்கச் சொல்.