நீ வைத்த எண் இருபத்து நான்கு

அன்பு மகள் கெல்சிக்கு, யூமாவிலிருந்து அம்மா எழுதுவது. என் உடம்புக்கு இங்கே ஒரு கேடும் இல்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். நீ அங்கே அலாஸ்காவில் வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்குக் கம்பளி உறை போட்டு, சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இனிமேல் ஒயரைத் தொடமாட்டேன், பதினெட்டாம் தேதி எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் பரீட்சைக்கும் போகப்போவதில்லை, மீன் வெட்டும் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள், அதில் சேர்ந்துகொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை வேலை நடுவில் பிரிக்காதே, உட்கார்ந்து படி.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. இந்தப் பார்க்குக்குக் குளிர்காலத்தில் மட்டும் வருகிறவர்களெல்லாம் ஏப்ரலிலேயே தங்கள் வீட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள், கோடையில் போக்கிடம் இல்லாமல் கிடப்பது நானும் பக்கத்து வண்டி டுவைனும் இன்னும் நாலைந்து பேரும்தான். அப்பாவின் ஆக்சிஜன் மெஷினைக் கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தில் தரைவிரிப்பு சதுரமாகப் புதிசு போலத் தெரிகிறது. அதன் மேல் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன், ஆனால் அதில் உட்காருவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்தால் எழுதாமலே விட்டுவிடுவேன். நீ போன மார்ச்சில் வந்து அந்த இன்வெர்ட்டரை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அப்போது எனக்கு எத்தனை முறை சொன்னாய். நம்ம வண்டிக்குக் கரண்ட் குடுக்குற கம்பத்துல முப்பது ஆம்பியர்னு எழுதியிருக்கும்மா, ஆனா இந்த வெயில்ல அந்தப் பழைய ப்ரேக்கர் முப்பது தாங்காம தானா அணைஞ்சு விழுந்துடும், அதனால கம்பத்துலேர்ந்து இருபத்து நாலுக்கு மேல இழுக்காதேன்னு இதுக்குச் சொல்லி வெச்சிருக்கேன், அதுக்கு மேல தேவைப்பட்டா மீதியை பேட்டரியிலேர்ந்து எடுத்துக் குடுக்கும், அந்த நம்பரை மட்டும் மாத்திடாதே என்று. நானும் சின்னப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினேன்.

மாற்றினேன், கெல்சி. அப்பா போன அந்தத் திங்கட்கிழமை காலையில் நான்தான் அதை முப்பதாக்கினேன். தினமும் மத்தியானம் ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடும்போது பேட்டரி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. உன் அப்பா வேறு, கம்பம் நிறையக் கரண்ட் இருக்க, உன் பொண்ணு எனக்கு அளந்துல்ல ஊத்துறா என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார். அவர் கேலிதான் பண்ணினார், பொத்தானை அமுக்கியது என் விரல். முப்பது என்று எழுதியிருக்கிற இடத்தில் முப்பது எடுத்தால் யார் குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டரைக்கு மைக்ரோவேவில் பீன்ஸ் சூடு பண்ணினேன். அப்போதுதான் ப்ரேக்கர் விழுந்திருக்க வேண்டும். விளக்கு ஒரு சிமிட்டுச் சிமிட்டியிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும். ஒன்றுமே தெரியவில்லை. இன்வெர்ட்டர் சத்தமில்லாமல் மொத்தத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டது, ஏசி ஓடியது, அப்பாவின் மெஷினும் ஓடியது. கதவுப் பக்கத்தில் இருக்கிற பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வெளியே போ, அது எரிந்தால்தான் கம்பத்திலிருந்து கரண்ட் வருகிறது என்று அர்த்தம் என்று நீ சொன்னாய். எல்லாமே ஓடுகிறபோது விளக்கை யார் பார்ப்பார்கள். அவர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். சீக்கிரம் வந்துடு, வர்றப்ப முலாம்பழம் கிடைச்சா வாங்கிட்டு வா என்றார். நான் மருந்துக் கடைக்குக் கிளம்பினேன்.

வரிசை நீளமாக இருந்தது. மூன்றேகாலுக்குத் திரும்பினேன். வண்டிக்குள் ஏசி சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்தால் அடுப்புக்குள் தலையை விட்டது போல இருந்தது. பேட்டரி எப்போதோ தீர்ந்து, மெஷின் நின்று, அது கத்துகிற கத்தலும் அவர் காதில் விழாமல் போயிருக்கிறது. கரண்ட் போனால் திறந்துகொள்ளச் சொல்லி வைத்திருந்த சிலிண்டர் கட்டிலை ஒட்டியே நின்றது, அதன் மேல் அவர் கை பட்ட அடையாளம்கூட இல்லை. தூக்கத்திலேயே போயிருப்பார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று ஆம்புலன்ஸ்காரப் பெண் சொன்னாள். நம்பிக்கொண்டிருக்கிறேன்.

டுவைன் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதான். உங்க கம்பத்துல ப்ரேக்கர் கைப்பிடி கீழ கிடந்ததை ஒரு மணிக்கே பார்த்தேன் வெர்னா, ஆனா உள்ள ஏசி ஓடிக்கிட்டிருந்துச்சு, வேற ஏதோ ஏற்பாடுன்னு நினைச்சுட்டேன், அடுத்தவங்க கம்பத்துல நாம கை வைக்கக் கூடாதில்ல என்றான். அவன் சொன்னது சரிதான், இங்கே யாரும் யார் கம்பத்தையும் தொடமாட்டோம். அடுத்தவன் ப்ளக்கைப் பிடுங்கிச் சண்டை வந்த பார்க்குகளை நாமே பார்த்திருக்கிறோம். அவன்மேல் எனக்கு ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் என்மேல் இருக்கிறது. அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பிடும்போது உன் சித்தப்பா ராய்ஸ் எல்லார் முன்னாலும், அந்தப் பொண்ணு மாட்டுன பெட்டிதான் என் அண்ணனைத் தின்னுடுச்சு என்றார். நான் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அடுத்தவருக்கு நகர்த்திவிட்டுப் பேசாமல் இருந்தேன். வேலை பார்க்கிற கப்பலை விட்டு அடக்கத்துக்கு வர வழியில்லாமல் அன்றைக்கு நீ போனில் அழுதுகொண்டே, அம்மா, அது எந்த நம்பர்ல இருந்துச்சு, அதை மட்டும் சொல்லு என்று கேட்டாய். நீ வெச்சது வெச்சபடிதான் இருந்துச்சும்மா என்று சொன்னேன். அதுவரைக்கும் நடந்தது தப்பு. இது பாவம். பெற்ற மகள் தலையில் அப்பன் சாவைத் தூக்கி வைத்துவிட்டு நான் ஆறுதல் வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் எனக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள், நானும் தின்றேன்.

இன்று காலையில் ராய்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா அண்ணி என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப என்கிட்ட எதுக்கு முதல்ல வந்தீங்க என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அங்கிருந்து நேரே வந்து எழுத உட்கார்ந்தேன்.

நீ போட்ட ஒயர் ஒவ்வொன்றும் சரியாக இருந்தது என்று வந்து பார்த்த மின்சார ஆள் சொன்னார். நல்ல கை போட்ட வேலை இது, யார் போட்டது என்று கேட்டார். என் மகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, முட்டை சாப்பிட்டுவிட்டுப் போய் அந்தப் பரீட்சையை எழுது. மீன் ஆலைக்குப் போகாதே. கர்த்தர் உன் இரண்டு கைகளையும் ஆசீர்வதிப்பாராக, அவை ஒரு தப்பும் செய்யவில்லை.

என்னைத் திட்டி எழுது, இல்லை எழுதாமலே இரு, எதுவானாலும் எனக்குத் தகும். பரவாயில்லம்மா என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன
அம்மா வெர்னா