சுவருக்கு இந்தப் பக்கம் கேப்டன்

பிப்ரவரி 4, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், மூடி எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் சத்தியமாகக் காட்டாதீர்கள்.

போன வருஷம் நான் கேம் ஆடுவதைப் பார்த்துவிட்டு அப்பா போனை வாங்கிப் பீரோவில் பூட்டினார். "இன்னொரு தடவை பார்த்தேன், ஹாஸ்டல்தான்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் மறுநாளே மறந்திருப்பார். சாதாரணமாகச் சொன்னதுதான் பயமாக இருக்கிறது.

இப்போது நான் ஆடுவது அம்மாவின் பழைய போனில். செத்துவிட்டது என்று அலமாரியில் தூக்கிப் போட்டது. சார்ஜரைக் கொஞ்சம் சாய்த்துச் செருகினால் உயிர் வரும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் அணியில் நான்கு பேர். நான் கேப்டன். அந்த நால்வரில் ஒருவன் என் அண்ணன். அவனாகத்தான் வந்து சேர்ந்தான். பெயரைப் பார்த்ததும் யாரென்று தெரிந்தது, ஆனாலும் சேர்த்துக்கொண்டேன். நன்றாக ஆடுகிறான், என்ன செய்ய? அவன் கம்ப்யூட்டரில், நான் போனில். கேப்டன் யார் என்று அவனுக்குத் தெரியாது.

குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், "குழந்தை தூங்குகிறது, பேச முடியாது" என்று ஒரு நாள் எழுதினேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் கைக்குழந்தைக்காரர். அவசரத்துக்கு மைக்கை நகத்தால் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் போ. இரண்டு தட்டி, கொஞ்சம் விட்டு ஒன்று தட்டினால், பயப்படாதே, நான் பின்னால் இருக்கிறேன்.

சாயங்காலம் அண்ணன் என்னிடம், "ஏய் வாலு, ஃபேனைப் போடு" என்றான். ஒன்பது மணிக்கு அதே ஆள், "கேப்டன், குழந்தை தூங்கிடுச்சா? நீங்க ரெடியா?" நடுவில் ஒரு சுவர்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றும் லேக், ஆட்டம் திக்கித் திக்கித்தான் நகர்கிறது. அடுத்த சனிக்கிழமை தகுதிச் சுற்று. இப்படி ஆடினால் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அண்ணன் "இடப்பக்கம்" என்று கத்துவது முதலில் சுவர் வழியாகக் கேட்கிறது. ஹெட்போனில் அது வந்து சேர்வதற்குள் இடப்பக்கம் இருந்தவன் எங்களைச் சுட்டுவிட்டுப் போய்விடுகிறான். இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரே வைஃபை என்பதால் அண்ணனும் நானும் ஆட்டத்தில் எப்போதும் ஒரே நொடியில் உறைந்து நிற்கிறோம். யாரும் அதைக் கவனிக்கவில்லை. இதுவரை.

அவன் போட்ட கூச்சலில் வீடே கூடிவிட்டது. எங்களோடு இருக்கும் சித்தி முன்னறையில் வீடியோ எடிட்டிங் செய்கிறாள். புது ரவுட்டர் வாங்கினால் பாதிப் பணம் தருகிறேன் என்றாள். அண்ணன் உடனே கேப்டனிடம் கேட்டான்: "எட்டு ஆன்டெனா வெச்சது நல்லதுன்னு கடைல சொல்றாங்க. வாங்கலாமா கேப்டன்?"

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

சந்தேகம் சரி. சித்தி சும்மா இருக்கும்போது பிங், அதாவது நாம் அனுப்புவது போய்த் திரும்பும் நேரம், இருபது மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. முடித்த வீடியோவை அவள் அனுப்ப ஆரம்பித்ததும் நானூறு. அவள் அனுப்பி முடிக்கும்வரை நானூறுதான்.

அண்ணனுக்கு எழுதினேன்: "ஒரே கவுண்டர், ஒரே வரிசை. முன்னால் ஒருவர் நாற்பது மூட்டையோடு நிற்கிறார். நீ கையில் ஒரு சீட்டோடு பின்னால் நிற்கிறாய். ஆன்டெனா எத்தனை இருந்தாலும் வரிசை நகராது. சின்னச் சீட்டுக்காரனை முன்னால் விடுகிற ரவுட்டரைக் கேட்டு வாங்கு. அப்லோடுக்கு ஒரு வரம்பு வை. உன் கம்ப்யூட்டருக்குக் கேபிள் இழு. வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றாதே, எல்லாச் சாதனத்திலும் மறுபடி போட வேண்டியிருக்கும்."

கடைசி வரி எனக்காக எழுதியது. புது பாஸ்வேர்டை நான் யாரிடம் போய்க் கேட்பது?

பிப்ரவரி 8, சனி

கடைக்குப் போனோம். எட்டு ஆன்டெனாவைப் பார்த்து அம்மா, "என்னடா இது, கவுந்து கெடக்கிற சிலந்தி மாதிரி" என்றாள். அண்ணன் நிமிர்ந்து நின்று கவுண்டர், மூட்டை, சீட்டு எல்லாவற்றையும் கடைக்காரரிடம் அப்படியே ஒப்பித்தான். நான் பின்னால் பை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யார் தம்பி சொன்னது?"

"எங்க கேப்டன். குடும்பஸ்தர். ரொம்ப விவரமானவர்."

கடைக்காரர் உள்ளே போய், ஆன்டெனாவே வெளியில் தெரியாத ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்துவந்தார். கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது, சிலந்தியைவிட விலையும் குறைவு என்றார். பில் போடும்போது என்னைப் பார்த்து, "பாப்பாவுக்குக் கலர் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நடைவழிச் சுவரில், என் கதவுக்கு மேலே, கேபிள் ஓடுகிறது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது நான். சித்தி அனுப்பிக்கொண்டே இருந்தாள், நாங்கள் ஆடிக்கொண்டே இருந்தோம். பிங் முப்பதைத் தாண்டவில்லை. சுவரும் ஹெட்போனும் கிட்டத்தட்ட ஒன்றாகவே பேசின.

பிப்ரவரி 11, செவ்வாய்

நான் ஒரு மடச்சி.

புது ரவுட்டருக்கு ஒரு ஆப் இருக்கிறது. வீட்டில் என்னென்ன இணைகிறது, எப்போது, எவ்வளவு இழுக்கிறது என்று பட்டியல் போடுகிறது. சாப்பிடும்போது அண்ணன் எல்லோருக்கும் காட்டினான். அவன் கம்ப்யூட்டர், சித்தியின் கம்ப்யூட்டர், அப்பா போன், அம்மா போன், டிவி. கீழே ஒன்று, பெயர் இல்லாமல் வெறும் எழுத்தும் எண்ணுமாக.

பக்கத்து வீட்டில் யாரோ திருடுகிறார்கள், வெட்டிவிடு என்றார் அப்பா. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஆனால் அண்ணன் எதையும் கேப்டனைக் கேட்காமல் செய்யமாட்டானே. அறைக்குப் போனதும் செய்தி வந்துவிட்டது.

"கேப்டன், தெரியாத டிவைஸ் ஒண்ணு ஒட்டிட்டு இருக்கு. பிளாக் பண்ணிடவா?"

பண்ணு என்றால் சனிக்கிழமை அணிக்குக் கேப்டன் இல்லை. வேண்டாம் என்றால் ஏன் என்பான். என்ன எழுத? ஏதாவது பொய். ஏற்கெனவே ஒரு குழந்தையை வளர்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னொரு பொய்யா?

பிப்ரவரி 12, புதன்

பதில் போட்டுவிட்டேன். "முதலில் அது எப்போது வருகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று பார். லேக் அதனால் இல்லை. பார்க்காமல் யாரையும் வெளியே தள்ளாதே."

வேறு யாராவது கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அது எப்போது வருகிறது? நாங்கள் ஆடும்போது வருகிறது. எப்போது போகிறது? கேப்டன் போகும்போது.

பிப்ரவரி 13, வியாழன்

அண்ணன் இன்று ஒரு தடவைகூட "வாலு" என்று கூப்பிடவில்லை. தண்ணீர்ச் சொம்பை அவனே எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 14, வெள்ளி

நாளை ஆட்டம். ஒன்பது மணிக்கு மூன்று பேர் வந்துவிட்டோம், அண்ணன் வரவில்லை. காத்திருந்துவிட்டுப் பயிற்சியைக் கலைத்தேன். போனைத் தலையணை உறைக்குள் போட்டுவிட்டேன். எழுத்து கோணலாக வருகிறது. ஹாஸ்டலுக்கு எந்தப் பெட்டியைக் கொடுப்பார்கள் என்றெல்லாம் யோசனை ஓடுகிறது.

ஹாலில் பேசுகிறார்கள். கேட்கக் கேட்க எழுதுகிறேன்.

அப்பா: "அந்த வைஃபை திருடன் யாருன்னு தெரிஞ்சுதா?"

அண்ணன்: "திருடன் எல்லாம் இல்லப்பா. நம்ம வீட்டுதுதான். பேர் போட்டு வெச்சுட்டேன்."

என்ன பேர்? என்ன பேர் போட்டான்? அப்பா கேட்கவில்லை. டிவி சத்தம்தான் கேட்கிறது. அண்ணா, தயவுசெஞ்சு சொல்லிடாத.

அம்மா: "அவ ரூம்ல லைட் எரியுது பாரு. தூங்கலையா இன்னும்?"

அண்ணன்: "குழந்தை தூங்கிடுச்சும்மா. நான் போய் அணைச்சுடறேன்."

குழந்தையா? இந்த வீட்டில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

வருகிறான். கேபிளுக்குக் கீழே நிற்கிறான், நிழல் தெரிகிறது. நகத்தால் தட்டுகிறான். இரண்டு.

கொஞ்சம் விட்டு, ஒன்று.