சொல்லிவிட்டுச் சென்றார்

மார்ச் 7, வெள்ளி

காலையிலிருந்து மின்விசிறி ஓடவில்லை. மேஜையில் முப்பத்தொரு கோப்புகள். பெற்றவர்கள் இல்லாமல், அல்லது இருந்தும் இல்லாமல், வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகள். மாலைக்குள் வாரப் பட்டியல் மேலே போக வேண்டும்.

நாலு மணிக்குத் தையல்காரம்மா போன் செய்தார். அவர் வீட்டில் வளரும் வாயாடி நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பவில்லையாம். பதினாறு வயது. அவள் பேச ஆரம்பித்தால் நாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காரலாம். இதற்கு முன் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே வந்து நின்றவள்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். ‘காணவில்லை’ என்று குறித்தால் அன்றே காவல் நிலையத்துக்கு எழுத வேண்டும், நேரிலும் போக வேண்டும். சட்டம் அப்படி. ‘சொல்லிவிட்டுச் சென்றார்’ என்று குறித்தால் ஒன்றும் வேண்டாம். வெள்ளிக்கிழமை என்றால் நாங்கள் எல்லோருமே இரண்டாவதைத்தான் குறிப்போம். ‘யாரிடம் சொன்னார்?’ என்ற இடத்தில் ‘வளர்ப்புத் தாயிடம்’ என்று எழுதினேன். ஐந்தே கால் பஸ் கிடைத்தது.

மார்ச் 10, திங்கள்

வரவில்லை.

மார்ச் 12, புதன்

தையல்காரம்மா நேரில் வந்தார். கழுத்தில் அளவு நாடாவைக்கூட கழற்றவில்லை. “மேடம், போலீஸ்ல சொல்லிட்டீங்கல்ல?”

“சொல்லியாச்சும்மா.”

வாய் கூசவில்லை. இப்போது கூசுகிறது. அவர் போனதும் ஓட்டமாகக் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அவள் போய் ஆறு நாள் கழித்து. வெள்ளிக்கிழமைப் படிவத்தைத் திரும்பக் கேட்டேன். மேலே போனது போனதுதானாம்.

ஏப்ரல் 2, புதன்

இன்று அவளுக்குப் பதினேழு வயது. கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

கிடைத்துவிட்டாள்.

வெளியூரில் ஒரு விடுதியில் நடந்த சோதனையில். கையில் இருபது வயது என்று பொய் அடையாள அட்டை. கூட்டிப்போனவன் பள்ளி வாசலில் வந்து, “உங்கம்மாவோட தம்பி நான்” என்றானாம். அம்மா முகமே தெரியாத பிள்ளை. தாய்மாமன் என்றதும் கூடவே போயிருக்கிறாள். அந்த ஏழு வாரத்தை மருத்துவ அறிக்கை இரண்டு பக்கத்தில் எழுதியிருக்கிறது. நான் இங்கே எழுத மாட்டேன்.

காப்பகத்துக்குப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டீ வேணுமா என்றேன். பசிக்குதா என்றேன். ஒரு வார்த்தை இல்லை. கால் மணி நேரம் நானே பேசிக்கொண்டிருந்தேன், அவளைப் போல.

மே 6, செவ்வாய்

அவளுக்காக நியமித்த வக்கீலம்மா கூப்பிட்டிருந்தார். மேஜையில் என் படிவத்தின் நகல். என் கையெழுத்து.

“இதை அவன் தரப்புல தாக்கல் பண்ணியிருக்காங்க. பதினெட்டு ஆகாத பிள்ளையோட சம்மதம் சட்டத்துல செல்லாது. அது அவனுக்கும் தெரியும். அதனால வளர்ப்பம்மாவே தெரிஞ்சுதான் அனுப்பினாங்கன்னு சொல்றான். அரசாங்கக் காகிதமே சாட்சியாம். இது நின்னா கடத்தல் வழக்கு கழண்டுடும். அவன் ஜாமீன்ல வெளிய இருக்கான், பொய் அட்டைக்காக இவ மேல வழக்கு. நாளைக்கு அந்தத் தையல்காரம்மாவும் குற்றவாளி.”

நகலை என் பக்கம் திருப்பி வைத்தார். “அவங்க அப்படிச் சொல்லவே இல்லங்கறாங்க. சொன்னாங்கன்னு நீங்க எழுதியிருக்கீங்க. ரெண்டு பேர்ல யாரு பொய்?”

நாளை மறுநாள் சாட்சிக் கூண்டில் பதில் சொல்லச் சொன்னார்.

மே 7, புதன்

மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். “ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்க. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். ஒரு டிக் அடிச்சதுக்காகவா எல்லாத்தையும் விடுவீங்க?” கெட்டவர் இல்லை. என் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவரும் வெள்ளிக்கிழமைகளில் அதைத்தான் செய்தார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “என்ன செய்யப் போற?” என்றார். தெரியலை என்றேன். பொய். தெரியும். பயமா இருக்கு, அவ்வளவுதான். நான் ஒரு போன் பண்ணியிருந்தா அன்னிக்கே அவளைப் பிடிச்சிருப்பாங்களோ? ஒரே ஒரு போன். கை என்ன முறிஞ்சா போச்சு?

மே 8, வியாழன்

மூடிய அறை. அவள் திரைக்குப் பின்னால்; காலணி மட்டும் தெரிந்தது. அந்த ஆள் வெள்ளைச் சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“அந்தம்மா என்கிட்ட அப்படிச் சொல்லவே இல்லங்க. பிள்ளை காணோம்னுதான் சொன்னாங்க. நானா எழுதினேன்” என்றேன்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். “ஏன்?”

“வெள்ளிக்கிழமைங்க.”

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் என்பதையும் சொன்னேன். இரண்டு வருஷத்து வெள்ளிக்கிழமைப் படிவங்கள் எல்லாம் வர வேண்டும் என்று உத்தரவிட்டார். திரைக்குப் பின்னால் அந்தக் காலணி கடைசிவரை அசையவில்லை.

மே 9, வெள்ளி

பணியிடை நீக்கம். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மேஜையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 27, செவ்வாய்

வக்கீலம்மா போன் செய்தார். அவள் மேல் இருந்த வழக்கு ரத்து. அவள் பாதிக்கப்பட்டவள், குற்றவாளி இல்லை என்று எழுதிவிட்டார்கள். அவன் ஜாமீனும் ரத்து. தையல்காரம்மா வாரம் ஒரு தடவை அவளைப் போய்ப் பார்க்கலாம்.

படிவங்களையும் சரிபார்த்துவிட்டார்களாம். ‘சொல்லிவிட்டுச் சென்றவர்களில்’ ஒன்பது பிள்ளைகள் இதுவரை திரும்பவில்லை. அதில் இரண்டு என் கையெழுத்து.

அந்த இரண்டு பேரின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு முயன்றும்.

ஜூன் 16, திங்கள்

தெரியாத எண். எடுத்தேன்.

“நான்தான்.”

குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

“எதிர்க்கடைக்கு நோட்டு வாங்கப் போறேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன். எழுதிக்கங்க.”

“நான் இப்ப வேலையில இல்லம்மா.”

“தெரியும். எழுதுங்க.” வைத்துவிட்டாள். மன்னித்த குரல் இல்லை அது.

மாலை 4.10. எதிர்க்கடைக்குச் சென்றார். யாரிடம் சொன்னார்: என்னிடம்.

4.25. காப்பகத்துக்குப் போன் செய்து கேட்டேன். வந்துவிட்டாள்.