தம்பிக்குச் சொல்லாத பாரசீகக் கதை

ஏலே,

இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்பங்கூழ் வண்டியில் பக்கத்து ஆள் பச்சை வெங்காயத்தை நறுக்கென்று கடித்தார். அந்த வாடைக்கு நீ என் நினைப்பில் வந்து நின்றுவிட்டாய். பாதிக் கூழோடு சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நூலகத்துத் தடிப் புத்தகம் ஒன்றிலிருந்து தினம் கொஞ்சமாக டீக்கடையில் அந்தப் பாரசீக ராசா கதையைச் சொல்வாய். செம்புப் பாத்திரம் தட்டிப் பிழைத்தவன் படையில் சேர்ந்து, ஊர் ஊராகப் பிடித்து ராசாவானான். பாக்தாத்துக் கலீபா மேலேயே படையெடுத்துத் தோற்றான். சீக்காய்க் கிடந்தவனிடம் சமாதானம் பேச கலீபாவின் ஆள் வந்தபோது, காய்ந்த ரொட்டியையும் வெங்காயத்தையும் காட்டி, மறுபடி தோற்றாலும் பழையபடி இது போதும் என்றானாம். "நம்மாளுல்ல!" என்று தொடையைத் தட்டுவாய்.

நீயும் அப்படி வந்தவன்தான். விசைத்தறி ஓட்டியவன், கூலி உயர்வுக்கு முன்னால் நின்று சங்கத் தலைவரானாய். கடைசியில் சங்கத் தேர்தலில் உன் கூடப்பிறந்த தம்பியே எதிர்த்து நின்று ஜெயித்தான். மறுநாள் காலையில் நீ பாட்டுக்குத் தறிக்கு வந்துவிட்டாய். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அவனோ உன்னோடு பேச்சையே நிறுத்திக்கொண்டான். ஜெயித்தவனுக்கு என்ன கோபமோ!

அன்று சாயங்காலம், ராசாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று டீக்கடையில் கேட்டார்கள். "செத்துட்டான், கதை முடிஞ்சுபோச்சு" என்று எழுந்துவிட்டாய். வழியில் உன்னைப் பிடித்துக் கேட்டேன். ராசாவின் தம்பிகள் இரண்டு பேர் பட்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள், ஜெயித்தவன் கூடப்பிறந்தவனையே சிறையில் போட்டான் என்றாய்.

"இத அங்க சொன்னா எந்தம்பியக் குத்திக்காட்டுறேன்னுதான் நெனைப்பாக. அவன் காதுக்குப் போயிரும். வேண்டாம்லே."

நீ செத்த அன்று, எடுக்கும்வரை தெருவில் தறி ஓடக்கூடாதல்லவா, உன் தம்பிதான் ஒவ்வொரு தறிக்கூடமாகப் போய் சுவிட்சை அணைத்தான். சத்தம் அடங்கிய தெருவில் அவன் அழுதது எல்லோருக்கும் கேட்டது. அப்போதும் எனக்கு அவன்மேல் ஆத்திரம் தீரவில்லை.

போன வாரம் வீடு தேடி வந்தான். உட்காரக்கூட இல்லை.

"அண்ணன் அந்த ராசா கதைய முழுசாச் சொல்லலையாமே. ஒங்ககிட்டயாச்சும் சொன்னாகளா? கடைசில என்னதான் ஆச்சு?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், அங்கேயே நொறுங்கியிருப்பான்.

"செத்துட்டான்ப்பா. கதை முடிஞ்சுபோச்சு" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான். மிச்சக் கதை என்னிடமே இருக்கிறது, யாரிடமும் சொல்லமாட்டேன். அவனுக்காக இல்லலே. உனக்காக.